சேதுச் சீமைக் கதையும் மேடையும்: வாசகர் கேள்வி பதில்

சரித்திர நாவலும் எழுதி, நாடக மேடையிலும் வேலை பார்ப்பவர்களின் தொழில் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியை வைத்து முதலில் நாவல், பிறகு நாடகம் எழுத எண்ணம். எங்கே தொடங்குவது? கதையை அவருடைய முன்னோர் காலத்துக்குக் கொண்டுபோனால் தேதிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவே?
*மண்டபம் வாசகர்*

நான்கு ஆண்டுகளை ஒரு நீளத் தாளில் எழுதி, மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். 1772 ஜூனில் ஆற்காட்டு நவாபு படையும் கும்பினிப் படையும் (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி) இராமநாதபுரம் கோட்டையைப் பிடிக்கின்றன. சேதுபதி அப்போது சிறுவர், ஆட்சிப் பொறுப்பு தாயார் முத்துத் திருவாயி நாச்சியாரிடம். அவர்களைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைக்கிறார்கள். 1781இல் விடுதலை. 1795இல் கும்பினி அவரைப் பதவியிலிருந்து இறக்குகிறது. 1809இல் சென்னையில் காவலில் இருக்கும்போதே இறக்கிறார். இந்த நான்கையும் தொடாதீர்கள். நடுவிலிருக்கும் ஆண்டுகள்தான் உங்களுடையவை. அதிலும் 1781 முதல் 1795 வரையிலான 14 ஆண்டு நாவலுக்கு நல்ல விளைநிலம்: சிறையில் வளர்ந்த பிள்ளை திரும்பி வந்து அரசாண்ட காலம் அது.

அடுத்தது செப்பேடுகள். சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளை டாக்டர் எஸ். எம். கமால் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். தானம் கொடுத்த செய்திதானே என்று தள்ளிவிட வேண்டாம். நிலத்தின் நான்கெல்லை, வரியின் பெயர், எழுதியவர் பெயர், சாட்சி வைத்தவர் பெயர் என்று அந்தக் காலத்து ஊர் முழுவதும் அதில் இருக்கிறது. உங்கள் துணைப் பாத்திரங்களுக்குப் பெயர் தேடி வேறெங்கும் போகவேண்டாம். பிறகு 1889இல் டி. ராஜாராம ராவ் எழுதிய இராமநாதபுரம் சமஸ்தானக் கையேடு. அது சமஸ்தானத்துக்காக எழுதப்பட்டது என்பதை மறக்காமல் படியுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு மூன்றாவதாகப் போனால் போதும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் முதலிலேயே போனால் ஒரு வாரம் வீணாகும். அடையாள அட்டையும், நோக்கத்தைச் சொல்லும் கடிதமும், பென்சிலும் கையிலிருக்கட்டும்.

இனித் தேதி முட்டல். செப்பேட்டிலுள்ள சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும். ஜனவரி பிறந்ததிலிருந்து சித்திரை பிறக்கும்வரை 79 கூட்ட வேண்டும். கிடைத்த விடையை அறுபதாண்டுச் சுற்றோடு ஒத்துப் பாருங்கள். 1687 ஏப்ரலில் பிறந்தது பிரபவ, அந்தச் சுற்றின் முதல் ஆண்டு. பாதிரியார் அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்ட 4 பிப்ரவரி 1693ஐ இப்படிப் போட்டால் சக ஆண்டு 1614, ஆங்கீரச, தை மாதக் கடைசி வாரம் என்று வரும். பலர் இங்கே தவறுகிறார்கள். அந்தக் காலத்தில் சித்திரை முதல் நாள் இன்றைய கணக்கின் ஏப்ரல் 14 அல்ல, ஏப்ரல் 9 வாக்கில்தான். நூற்றாண்டுக்கு ஒன்றரை நாள் வீதம் நழுவி வந்திருக்கிறது.

இன்னொரு குழி ஐரோப்பியர் கடிதங்களில் இருக்கிறது. போர்த்துகீசியப் பாதிரிகளும் டச்சுக் கும்பினியும் புது நாட்காட்டியில் எழுதினார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் 10 நாள், 1700க்குப் பின் 11 நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு அவர்களுக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். கிழவன் சேதுபதி மறைந்த 1710ஐ ஒட்டி ஆங்கிலக் கடிதம் ஒன்றில் 'பிப்ரவரி 1709' என்று பார்த்தால், அது நம் கணக்கில் 1710ஆக இருக்கலாம். உங்கள் நாயகர் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய முன்னோரைத் தொட்டதும் வந்துவிடும்.

சரித்திரக் கதையில் வாசகர் உடனே பிடிக்கும் பிழைகள் எவை?
*தொண்டி வாசகர்*

நம் சீமையில் முதல் பிழை சீமைக் கருவேலம். கிழவன் சேதுபதியின் குதிரைப்படை சீமைக் கருவேலங்காட்டுக்குள் மறைந்தது என்று எழுதினால் கதை அங்கேயே முடிந்தது. சீமைக் கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்கு வந்தது. இங்கே காடாய்ப் பரவியது அதற்கும் பிறகு. பழைய காட்சியில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், பனை, நாட்டுக் கருவேலம், வேம்பு, கரையோரத் தாழை இருக்கட்டும்.

மிளகாய் போர்த்துகீசியர் வழியாக வந்தது, ஆகவே பிற்காலப் பாண்டியன் வீட்டுக் குழம்பில் மிளகுதான். தேநீர், காப்பி, தீக்குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் பதினெட்டாம் நூற்றாண்டு மறவர் சீமையில் கிடையாது. விளக்குக்கு இலுப்பை எண்ணெய், புன்னை எண்ணெய். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. அதற்கு முன் இராமேசுவரம் போகிற எவரும் படகில்தான் நீரைக் கடந்தாக வேண்டும். இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்கள் நல்ல காட்சி ஒன்றை இழக்கிறார்கள். குதிரையைப் படகில் ஏற்றுவது சாதாரண வேலையா?

திசையும் காற்றும் அடுத்த பிழை. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் எழும், மறைவது நிலத்தில்தான். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கமான வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். மார்கழியில் வாடை வந்தால் நிலைமை தலைகீழ். கீழக்கரையிலிருந்து காயல்பட்டினத்துக்குப் போகும் பாய்த்தோணி ஆடியில் 'பறந்தது' என்று எழுதக்கூடாது. எதிர்க்காற்றில் அது தத்தளித்திருக்கும். அதே தோணி மார்கழியில் பறக்கலாம். ஓதம் இறங்கி அரைக் காதம் கடல் வற்றியது என்பதும் வேண்டாம். இந்தக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு.

என் 400 பக்க நாவலை இரண்டு மணி நேர நாடகமாக்க வேண்டும். குறைக்கக் குறைக்க உயிர் போகிறது. என்ன செய்ய?
*கீழக்கரை வாசகி*

நீங்கள் குறைக்கிறீர்கள். அதுதான் சிக்கல். கணக்கைப் பாருங்கள். 120 நிமிடத்தில் பாட்டுக்கும் இசைக்கும் 25 போகும், நடமாட்டத்துக்கும் காட்சி மாற்றத்துக்கும் 15. மீதி 80 நிமிடம். மேடையில் காதில் விழும்படி பேசினால் நிமிடத்துக்கு 85 சொல். மொத்தம் 6,800. நாவல் 80,000 சொல் என்றால் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்த அளவுக்கு நாவலைச் சுருக்க முடியாது. புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

நாவலை மூடிவையுங்கள். அத்தியாயத்துக்கு ஓர் அட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யார், யாரிடமிருந்து, எதைப் பெற வந்தார்? பதில் எழுத முடியாத அட்டைகள் வர்ணனை அத்தியாயங்கள். நாவலில் அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேடைக்கு வராது. 60 அட்டையில் 20 தேறினால் நல்ல நாவல். அந்த 20ஐயும் எங்கே நடக்கின்றன என்று பிரித்து, மூன்று இடங்களுக்குள் அடக்குங்கள். அரண்மனை முற்றம், சத்திரம், கடற்கரை போதும். மூன்றுக்கு மேல் போனால் படுதா இழுக்கிற நேரமே நாடகமாகிவிடும்.

பாத்திரங்களை எட்டு நடிகருக்குள் கொண்டுவாருங்கள். ஒருவர் இரண்டு வேடம் கட்டலாம். ஆனால் முழு உடையும் தலைக்கட்டும் மாற்ற, உதவிக்கு ஆள் இருந்தாலும் நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்துக்கு மேடையில் என்ன நடக்கிறது என்பதை எழுதும்போதே குறித்துவையுங்கள். ஒத்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் அரங்கேற்ற நாளில் மேடை வெறுமையாக நிற்கும்.

நாவலாசிரியரின் வசனம் தகவலைத் தூக்கிச் சுமக்கும். "தளவாயே, உமக்குத் தெரியாததல்ல, நம் கோட்டை விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன" என்று ஒருவர் சொன்னால் பார்வையாளர் இருமத் தொடங்குவார். தெரிந்ததை ஏன் சொல்கிறார்? அதே செய்தியை ஒரு பொருளில் ஏற்றுங்கள். சிறையிலிருந்து வந்த இளைஞர் தன் சிறுவயது வாளை எடுக்கிறார், பிடி கைக்குள் அடங்கவில்லை. ஒன்பது ஆண்டு கழிந்ததைச் சொல்ல அது போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1798 செப்டம்பரில் கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சனை இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சந்தித்தார். அதற்கு முன் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்ட நாட்கள் நாவலில் 50 பக்கம் ஓடலாம். மேடையில் அத்தனையும் ஒரு நாற்காலிக்குள் அடங்கும். ஜாக்சனுக்கு நாற்காலி உண்டு, வந்தவருக்கு இல்லை. வேறெதையும் விளக்க வேண்டியதில்லை. இராமலிங்க விலாசம் இன்றும் இருக்கிறது. எழுதுமுன் நேரில் போய் மண்டபத்தின் தூண் இடைவெளியைக் காலடியால் அளந்து, அதே இடைவெளியை மேடைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். நடிகர் எத்தனை எட்டில் கதவை அடைவார் என்பது தெரிந்தால் தப்பி வெளியேறும் காட்சி தானாக அமையும். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்களும் அங்கேதான் உள்ளன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வருகை, அந்தப்புர வாழ்க்கை எல்லாம் உண்டு. உடையையும் ஆயுதத்தையும் அதிலிருந்து வரையுங்கள். படமெடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் உயிரோடு இருப்பதால், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாவற்றையும் நடிகர் சங்கம் மூலம் பேசிவிட்டால் நாடகம் நடந்துவிடும் என்று புது ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அந்த நடிகர்கள் ஒத்திகையில்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய ஆடக் காரணம், சங்கரதாஸ் சுவாமிகளின் பாடமும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதே. வள்ளி திருமணத்துக்கு அது பொருந்தும். உங்கள் நாடகம் யாருக்கும் மனப்பாடமில்லை. அவர்களையே அழைக்கலாம், குரலுக்கும் தாளத்துக்கும் அவர்களுக்கு இணை இல்லை. ஆனால் மேடையின் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்று கணக்கிட்டு, ஒத்திகை நாட்களுக்கும் சம்பளம் பேசி அழைக்க வேண்டும்.

ஆடித் திருவிழாவில் கடற்கரை மணலிலேயே மேடை போடப்போகிறோம். எச்சரிக்கை உண்டா?
*தங்கச்சிமடம் வாசகர்கள்*

படுதா ஒரு பாய் என்பதை மறக்காதீர்கள். 20 அடிக்கு 12 அடி படுதாவை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, மணிக்கு 36 கி.மீ. காற்றில் நிறுத்தினால் ஏறத்தாழ 135 கிலோ அதைத் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. கச்சானில் அது நடக்கக்கூடியதே. கிழிந்தால் பரவாயில்லை, கிழியாவிட்டால் கம்பையே சாய்க்கும்.

ஒரே துணிக்குப் பதில் மூன்றடி அகலத்தில் ஆறு கீற்றுகளாகத் தைத்து, நடுவே அரையடி இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அடி மடிப்பில் முக்கால் அங்குலக் குழாய் செருகுங்கள். தரையோடு கட்ட வேண்டாம். சவுக்குக் கம்பை மணலில் மூன்றடி இறக்கினாலும் தனியாக நிற்காது. சாக்கில் 50 கிலோ மணல் கட்டி இரண்டரையடி ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து சாய்வாக இழுகயிறு கொடுங்கள். முடிச்சுப் போட வலைக்காரர்களை விட்டுவிடுங்கள்.

காற்றுக்கு முதுகு காட்டி மேடை போட்டால் குரல் பார்வையாளர் பக்கம் போகும். எதிராகப் போட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. மேடைக்குப் பின்னால் சுவரோ கொட்டகையோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு தூரம் வரை காற்று தணியும். சித்திரை, வைகாசியில் வேறு கணக்கு: மாலையில் கடற்காற்று, பின்னிரவில் திசை மாறிக் கரைக்காற்று. ஆர்மோனியத்தைக் காட்சி முடிந்ததும் துணி போர்த்திப் பெட்டிக்குள் வையுங்கள். உப்பு ஈரத்தில் பித்தளை நாக்கு களிம்பேறிச் சுருதி விலகும். முகப்பூச்சுக்குப் பழைய முறைதான் வேண்டுமென்று அசல் அரிதாரம் தேடாதீர்கள். அது ஆர்சனிக் கலந்த கனிமம். வியர்வையோடு வாயில் இறங்கும்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு விலக்குத் தரலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். புது நாடகம் என்றால் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது.

தனுஷ்கோடிப் புயலை மேடையில் காட்ட முடியுமா?
*பாம்பன் வாசகி*

காட்ட வேண்டாம், கேட்கவையுங்கள். 1964 டிசம்பர் 22 இரவும் 23 விடியலும் நடந்தது அது. 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலையில் போனது. அட்டையில் ரயில் செய்து மேடையில் கவிழ்த்தால் அந்த இறப்பு சிறுத்துவிடும். உறவினரை இழந்த குடும்பங்கள் உங்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

காற்று ஒலிக்கு, இரண்டரையடி விட்டத்தில் மரச் சட்டங்களாலான உருளை செய்து, மேலே முரட்டுக் கித்தானை இறுக்கிப் போர்த்திக் கைப்பிடியால் சுற்றுங்கள். வேகம் கூடினால் ஊளையின் சுருதி ஏறும். கித்தான் தளர்ந்தால் ஒலி வராது. இடிக்கு ஆறடித் தகரத்தைத் தொங்கவிட்டு அடிப்பக்கம் பிடித்து உலுக்கலாம். மழைக்கு, நீளப் பெட்டியில் காய்ந்த பட்டாணி. இவை ஓங்கி, சட்டென்று நிற்கட்டும். அந்த அமைதியில் கைவிளக்கோடு ஒருவர் நின்றால் போதும்.

நாவலில் ஒரு கவனம். புயலில் பாம்பன் பாலமும் சேதமடைந்து, 46 நாளில் சீரானது. 1965 ஜனவரிக் காட்சியில் உங்கள் பாத்திரம் மண்டபத்திலிருந்து ரயிலில் வரக்கூடாது.

அரசர் செந்தமிழ், மற்றவர் பேச்சுத் தமிழ் என்று எழுதலாமா?
*திருப்புல்லாணி வாசகர்*

அரசர் சபையில் ஒரு நடை, தாயிடம் இன்னொரு நடை என்று பிரியுங்கள். ஆளைப் பார்த்துப் பிரிப்பதைவிட இடத்தைப் பார்த்துப் பிரிப்பது உண்மைக்குப் பக்கம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி வீட்டுக் காட்சி என்றால் வாப்பா, உம்மா, லாத்தா, காக்கா என்ற உறவுச் சொற்கள் போதும், ஊர் தானே தெரியும். ஒவ்வொரு வினைச்சொல்லையும் வட்டார ஒலியில் திரித்து எழுதினால் நடிகர் தடுக்கி விழுவார்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?
*தேவிபட்டினம் வாசகர்*

நாவலால் மட்டும் முடியாது. 450 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீத உரிமைத்தொகை 45 ரூபாய். 500 படி விற்றால் 22,500 ரூபாய், அதுவும் இரண்டாண்டு உழைப்புக்கு. நாடகம் மேடையேறும் ஒவ்வொரு முறையும் தனித்தொகை வரும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். குழு வாங்கும் ஒப்பந்தத் தொகையில் 5 முதல் 10 சதவீதம் கேளுங்கள்.

ஆண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் மேடை இருக்காது, அதுவே எழுதும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. கடற்கரை ஊர் நடிகர்கள் மாலையில் கரையிலிருக்கும் காலம் அதுதான், ஒத்திகையை அங்கே வையுங்கள். நாடகம் ஆடிக்குத் தயாராகும்.

ஒரு குழு என் நாவலை நாடகமாக்கக் கேட்கிறது. வாய்ப்பேச்சு போதுமா?
*ஏர்வாடி வாசகர்*

போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். ஆகவே எத்தனை ஆண்டு, எத்தனை முறை மேடையேற்றம், எந்த மாவட்டங்கள் என்று எழுதுங்கள். மேடை உரிமை வேறு, திரைப்பட உரிமை வேறு, ஒளிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் உரிமை வேறு. இந்த மூன்றாவதைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். வசனத்தை மாற்றினால் உங்களைக் கேட்க வேண்டும் என்றும், விளம்பரத் தட்டியில் உங்கள் பெயர் எந்த அளவில் வரும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை ஒத்திகை தொடங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.